பாதிப் பாலத்தில் கண்டக்டர் துரைசாமி

பாதியில் நின்றுபோன படக்கதைத் தொடர்களில் எவற்றை மறுபடி அச்சிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட மரியாதைக்கு நன்றி. எனக்குத் தெரிந்து பெரும்பாலான தொடர்கள் நல்ல வேளையாக நின்றன. சில தொடர்கள் நிற்பதற்கு ரொம்ப நாள் முன்பே செத்துப்போயிருந்தன, நாங்கள்தான் வாராவாரம் அதற்குப் பவுடர் போட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். அநியாயமாக நின்றவை என்று சொன்னால் இரண்டுதான் தேறும்.

முதலாவது 'சந்திரனில் சப் ரிஜிஸ்திரார்'. நிலாவில் மனை பிரித்துப் பத்திரம் பதிகிற ஒரு அதிகாரியின் கதை. எங்கள் ஊர் அதிகாரி ஒருவருக்கு அதில் வந்த தொப்பை தன்னுடையது என்று தோன்றிவிட்டது. எல்லா ஆபீசிலும் அந்தத் தொப்பை உண்டு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், அவர் ஏற்கவில்லை. தொடர் நிலாவிலேயே நின்றுவிட்டது. அது போகட்டும். நான் சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி. அதன் பெயர் 'கண்டக்டர் துரைசாமி'.

நீங்கள் திரையில் விரலால் தடவிப் படம் போடுகிறவர்கள். எங்களுக்கு ஒரு படம் அச்சில் வர வேண்டுமானால், வரைந்ததை ரயிலில் மதராஸுக்கு அனுப்பி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து வரவழைக்க வேண்டும். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் அச்சக முதலாளிக்கு அந்தச் செலவு வயிற்றெரிச்சல். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அந்த வயிற்றெரிச்சலில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. படம் ஒன்று, புத்தகம் இரண்டு. பாத்திரங்கள் பேசுகிற பலூன் இருக்கும் இடத்தை பிளாக்கில் வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்தத் துளையில் ஈய எழுத்துகளைத் தமிழில் கோத்தால் தமிழ்ப் புத்தகம். அவற்றை எடுத்துவிட்டுத் தெலுங்கில் கோத்தால் தெலுங்குப் புத்தகம். கதாநாயகன் தமிழில் துரைசாமி, தெலுங்கில் தொரசாமி. இந்த ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் ஒரு துரைசாமி மேல்தான் விழ வேண்டும், இரண்டு பாஷையிலும்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து வந்த புதிது. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிருந்தது. அதில் எந்தெந்த ஊர் திரும்பி மதராஸோடு சேரும், எது சேராது என்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருந்தது. சவரக்கடையில் பாதி முகம் மழித்த ஆள்கூட எல்லையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுத்தான் மீதி முகத்தைக் காட்டுவான்.

தமிழ் பலூன்கள் என் பொறுப்பு. தெலுங்கு பலூன்கள் ராஜேஸ்வரம்மா என்கிற பள்ளிக்கூட ஆசிரியை பொறுப்பு. படம் முனிரத்தினம். நகரிப் பக்கத்து ஆள், கடைகளுக்கும் பஸ்களுக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். அவர் தமிழில் எழுதிய போர்டுக்கு ஒரு கூட்டம் தார் பூசியது. தெலுங்கில் எழுதியதற்கு இன்னொரு கூட்டம் தார் பூசியது. மறுபடி எழுதக் கூப்பிடுவார்கள் என்று அவர் முதலில் சந்தோஷப்பட்டார். கடைக்காரர்களோ தாரையே போர்டாக வைத்து வியாபாரம் செய்யப் பழகிவிட்டார்கள். அப்படித்தான் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் சரசு.

துரைசாமியின் பஸ் திருப்பதியில் கிளம்பி புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி போகும். ஒல்லியான ஆள், வாயில் விசில். டிக்கெட் கிழித்துக்கொண்டே திருடனைக் கண்டுபிடிப்பான். முதல் கதையில் பஸ் முழுக்க மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத் தலைகள், எல்லாத் தலையிலும் சந்தனம். அதில் ஒருவன் திருடன். துரைசாமி ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே டிக்கெட் கொடுக்கிறான். ஒரு தலை மட்டும் கையைச் சுரசுரவென்று குத்துகிறது. நாலு நாள் பழைய மொட்டை! அந்தக் கையையும் அந்தத் தலையையும் முனிரத்தினம் வரைந்திருந்த விதத்தைப் பார்த்தால் உங்கள் உள்ளங்கை அரிக்கும்.

அந்த இதழ் வந்ததும் அச்சகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மதராஸோடு சேர வேண்டும் என்கிற தெற்குக் கமிட்டியின் தலைவர். மற்றவர் சேரக் கூடாது என்கிற வடக்குக் கமிட்டியின் தலைவர். இருவருக்கும் புத்தூரில் ஒரே தெரு. அந்த நேரத்துக்கு ஒரே பஸ்தான் உண்டு என்பதால் சேர்ந்தே வந்தார்கள். முதலில் ஏறியவர் மற்றவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்ததாகக் கேள்வி.

"திருடன் எதுக்கு தமிழ்ல பேசறான்?" என்றார் தெற்கு.

"தமிழ்ப் புஸ்தகத்துல எல்லாருமே தமிழ்லதாங்க பேசறாங்க" என்றேன்.

"எல்லாரும் பேசட்டும். திருடன் எதுக்குப் பேசணும்?"

வடக்கு தெலுங்குப் புத்தகத்தைப் பிரித்து மேஜையில் போட்டார். "இக்கட சூடு, இங்க பாரு மொதலாளி. இதுலயும் அதே அக்கிரமம். திருடறதுக்கு எங்க பாஷைதான் கெடைச்சுதா உங்களுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி இருவருக்கும் காப்பி சொல்லி அனுப்பிவிட்டார். காப்பி வருவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "அடுத்த வாரத்துலேர்ந்து திருடன் ஊமை."

எனக்கு அவமானமாக இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முனிரத்தினமோ சந்தோஷத்தில் துள்ளினார். பேசாத திருடனைப் படம் மட்டும்தானே காட்ட முடியும்? அதன் பிறகு அவர் வரைந்த திருடர்கள் புருவத்தாலேயே மிரட்டினார்கள். அந்த ஊமைகளை நினைத்துப் பயந்துகொண்டு, முன்னிருட்டு நேரத்தில் கடைக்குப் போக மறுத்த பிள்ளைகள் உண்டு. உங்களுக்கும் நாளைக்கு யாராவது வந்து இதை எடு, அதை நீக்கு என்பார்கள். உடனே கண்ணீர் விடாதீர்கள். எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வளரும் என்று ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். சில சமயம் ஒன்றும் வளராது, அது வேறு விஷயம்.

அடுத்த தலைவலி மைல்கல். பஸ் கதை என்றால் மைல்கல் வந்தே தீரும். படம் ஒன்றுதான், அதில் ஊர்ப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது? தார் பட்ட அனுபவஸ்தர் முனிரத்தினம் எல்லா மைல்கல்லையும் வெறுமையாக விட்டுவிட்டார். கடைப் போர்டும் வெறுமை, பஸ் நெற்றியும் வெறுமை. பிழைப்பெல்லாம் எழுத்தாகவே இருந்த மனிதர், எழுத்தே இல்லாத ஒரு ஜில்லாவை வரைந்தார். தலைவர்கள் மறுபடி ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

"எங்க ஊர் மைல்கல்லு எதுக்கு மொட்டையா கீது? நாங்க ஊர் பேர் இல்லாதவங்களா?" என்றார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் தெலுங்கில்.

"வெயிலுங்க. எழுத்து அழிஞ்சுபோச்சு" என்றார் முதலாளி.

சித்தூர் வெயிலை யார் மறுக்க முடியும்? ஆனால் வாசகர்கள் செய்ததுதான் வேடிக்கை. அந்தப் பழைய இதழ்கள் எங்காவது கிடைத்தால் பாருங்கள். ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் மைல்கல்லில் ஒரு ஊர்ப் பெயர் இருக்கும். சத்தியவேடு, நாராயணவனம், பள்ளிப்பட்டு, இன்னும் யாரும் கேள்விப்படாத பட்டிகளெல்லாம். வாங்கியவர்கள் எல்லாரும் துரைசாமியின் பஸ்ஸைத் தங்கள் ஊர் வழியாக ஓட்டியிருக்கிறார்கள்.

இனி பாலத்துக்கு வருகிறேன். ஒரு கதையில் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்காமல் போகிறது. நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை இடித்து, முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு பஸ் நிற்கிறது. உள்ளே துரைசாமி, ஊமைத் திருடன், தயிர்க்காரி, ஜோசியர், ஒரு ஆடு, இன்னும் சிலர். ஜன்னலோரம் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. அவளுக்கு முனிரத்தினம் சரசுவின் முகத்தையே போட்டுவிட்டார். சரசு அப்போது நிஜமாகவே நிறைமாதம். 'அடுத்த வாரம்' என்று போட்டு இதழை முடித்தோம். அடுத்த வாரம் எல்லாரையும் பத்திரமாக இறக்குவதாகத்தான் திட்டம்.

வழக்கமான பஸ்ஸில் தலைவர்கள் வந்து இறங்கினார்கள். இறங்குகிற ஜனம் எந்தப் பக்கம் நடக்கும் என்பது அவர்கள் கேள்வி. திருத்தணிக் கரைக்கு நடக்க வேண்டும் என்றார் தெற்கு. நகரிக் கரைக்குத்தான் திரும்ப வேண்டும் என்றார் வடக்கு. பலூனில் இருப்பதைத் தமிழில் ஒரு மாதிரி, தெலுங்கில் ஒரு மாதிரி மாற்றிவிடலாம். கால் நடக்கிற திசையை எப்படி மாற்றுவது? பிளாக் ஒன்றுதானே!

"பாதிப் பேர் அந்தாண்ட, பாதிப் பேர் இந்தாண்ட போவட்டுமே" என்றார் முனிரத்தினம்.

"ஆட்டை எந்தப் பக்கம் சேர்ப்பே?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒரே பாஷையில் ஒத்துப்போய்ப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முதலாளி காப்பி சொன்னார். "இந்த வாரம் வேணாம். அடுத்த வாரம் எறக்கிடலாம்."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. எல்லைத் தீர்ப்பு வரும்வரை பஸ் பாலத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. வாராவாரம் பன்னிரண்டு பக்கத்துக்கு நாங்கள் கதை சொல்லியாக வேண்டும், ஆனால் ஒருவரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பஸ் சாயும். இளைஞர்களே, அந்த நெருக்கடியில்தான் எங்கள் மூவருக்கும் தொழில் வந்தது. துரைசாமியும் திருடனும் பாரம் சமமாக இருப்பதற்காக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். விட்டால் திருடன் ஓடலாம், ஆனால் பஸ் விழுந்துவிடும். அவனும் விடவில்லை. ஒரு இதழ் முழுக்க, ஆடு முன்பக்கம் போகலாமா என்று யோசிக்கிறது, அவ்வளவுதான் கதை. ஜோசியர் எல்லாருக்கும் கை பார்த்து நீண்ட ஆயுள் என்கிறார். தன் கையை மட்டும் பார்க்க மறுக்கிறார். தயிர்க்காரி பானையிலிருந்து எல்லாருக்கும் ஒவ்வொரு கை தயிர் ஊற்றுகிற இதழுக்கு நானும் ராஜேஸ்வரம்மாவும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பலூனே வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தோம். நான் அறுபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். அதைவிட நல்ல இதழ் என் கையால் வரவில்லை.

விற்பனை ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெற்குக் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு புத்தகம் வாங்கினார்கள், தெலுங்கில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருக்கிறோமா என்று ஒப்பிட. வடக்குக் கமிட்டிக்காரர்களும் அப்படியே. எங்கள் ஒவ்வொரு எழுத்தையும் அவர்களைப் போல ஆழ்ந்து படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது.

நடுவில் சரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது குப்புற விழுந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்தது. ஒரு நாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, முனிரத்தினத்துக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு அச்சகத்துக்கு வந்தாள். கேரியரை மேஜையில் வைத்த வேகத்திலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னைய எப்பதான் எறக்கப் போறீங்கோ? பொறந்தது பல்லு மொளைச்சு இட்லி துன்னுது. நான் இன்னும் வயித்தைத் தள்ளிக்கினு பாலத்துல தொங்கிக்கினு கீறேன். தெருவுல ரெண்டாவதான்னு கேக்கறாங்கோ."

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாரா வாரம் பாக்கறப்போ வயித்துல பக்குனுது. அந்தப் பொம்பளை பாவம், எறக்கி வுட்டுடுங்கோ."

"அடுத்த வாரம் எறக்கிடறேன், போ" என்றார் முனிரத்தினம். அவர் சொன்னது பொய்யில்லை, அவருக்கே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. திருத்தணி மதராஸுக்கு, நகரியும் புத்தூரும் ஆந்திராவுக்கு. இரண்டு கமிட்டியும் வெற்றி விழா கொண்டாடின. எங்களுக்கும் கொண்டாட்டம்தான். இனி யார் எந்தப் பக்கம் நடந்தாலும் கேட்க ஆளில்லை. முனிரத்தினம் புது பிரஷ் வாங்கினார். ஆட்டை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று நானும் ராஜேஸ்வரம்மாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் அந்த வார இதழ் விற்காமல் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. சண்டை தீர்ந்துவிட்டது, ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. தலைவர்கள் இருவரும் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தே வந்து நிறுத்தினார்கள்.

"தொடர் இதோட சரி" என்றார் முதலாளி.

ராஜேஸ்வரம்மா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். "ஒக்க வாரம் மொதலாளி! ஒரே ஒரு வாரம்! பஸ்ஸுல ஜனம் உக்காந்துனு இருக்குது!"

"வாங்கறதுக்கு ஜனம் இல்லியேம்மா" என்றார் அவர். மறுநாளிலிருந்து அந்த மெஷினில் கல்யாணப் பத்திரிகை ஓடியது.

எனக்கு அந்த மனிதர் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, நாலு குடும்பத்துக்குச் சோறு போட்டவர். இருந்தாலும் கோபம். நாங்கள் கதை நன்றாக இருப்பதால் விற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். கதையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விற்றதற்குக் காரணம் அது இல்லை. உங்கள் புத்தகம் அதிகமாக விற்கும்போது யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று ஒரு நடை விசாரித்து வையுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை.

முனிரத்தினத்துக்கு அதன் பிறகு மூச்சுவிட நேரமில்லை. எல்லை மாறியதும் எல்லா ஊரிலும் போர்டு மாற்ற வேண்டும், மைல்கல் எழுத வேண்டும். இந்தப் பக்கம் தெலுங்கில் எழுதினார், அந்தப் பக்கம் போய்த் தமிழில் எழுதினார். யாரும் தார் பூசவில்லை. ஒரு தடவை புத்தூரில் ஏணி மேல் நின்றிருந்தவரைப் பிடித்து, சரசுவுக்காக வீட்டிலாவது அந்தக் கடைசிப் படத்தை வரைந்து கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"வரைஞ்சு டிரங்குப் பெட்டியில வெச்சா அது எறங்குன மாதிரியா?" என்றார். "ஊரே பாக்க ஏத்துனேன். ஊரே பாக்கத்தான் எறக்கணும்."

அப்படியே அவர் காலம் முடிந்தது. சரசுவும் போய்ச் சேர்ந்தாள்.

நீங்கள் மறுபதிப்புக்குக் கேட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் திருப்பதியில் என் வீட்டுக்கு அவர்கள் மகள் வந்திருந்தாள். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தலை முழுக்க நரைத்துவிட்டது. பாலத்து இதழ்கள் எழுபத்துச் சொச்சத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லா மைல்கல்லிலும் முனிரத்தினத்தின் ஊர்ப் பெயர், சரசுவின் கோணல் எழுத்தில்.

"பசங்கோ முடிவு எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

எழுதுவார்கள், ஹெலிகாப்டர்கூட வரலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம் சார். நைனா போட்டதுல கை வெக்க வேணாம். கடைசில ஒரே ஒரு படம் சேத்தா போதும். எங்கம்மா கால் தரையில படற மாதிரி. வெறும் கால் மட்டும். எந்தப் பக்கம் போறாங்கன்னு காட்டவே வேணாமே."

இரண்டு கமிட்டி, ஒரு முதலாளி, இரண்டு எழுத்தாளர்கள், ஒரு ஓவியர், அத்தனை மாதம் காப்பி குடித்தோம். ஒரு காலை மட்டும் வரைந்து கதையை முடிக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் பொறந்து எழுவது வருசம் ஆவப்போவுது" என்று சொல்லி எழுந்தாள். "அந்த பஸ்ஸுல நான் இன்னும் பொறக்கவே இல்ல."

பையை என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு அனுப்புகிறேன். நிறம் பூசாதீர்கள். திருடனைப் பேச வைக்காதீர்கள். உங்களில் யாருக்குக் கோடு நன்றாக வருமோ அவர் அந்தக் காலை வரையட்டும். ஓரத்தில் மைல்கல் ஒன்றும் இருக்கட்டும், அதில் எதையும் எழுத வேண்டாம். வாங்குகிறவர்களிடம் பென்சில் இருக்கும்.